கைகளால் சொன்ன வாக்கு



செப்டம்பர் 23-ஆம் நாளைச் சர்வதேச சைகை மொழிகள் நாள் என ஐக்கிய நாடுகள் சபை 2017-இல் அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் அது உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. 1951-இல் ரோம் நகரில் காது கேளாதோரின் உலகக் கூட்டமைப்பு தொடங்கப்பட்ட நாள் அது. அந்நாளை முன்னிட்டு இவ்வாரத் தியானத்தில் ஒரு வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு முன், நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்த நாள்களில், ஒரு திருமண ஆராதனையை நடத்தினேன். மணமகனுக்கும் மணமகளுக்கும் பிறவியிலேயே காது கேளாது. முறைமைப் புத்தகத்திலுள்ள வாக்குகளை நான் வழக்கம்போல உரத்த குரலில் வாசித்தேன். மணமகளின் தாயார் அருகில் நின்று அவளுடைய தோளைத் தொட்டார், அவள் தலையசைத்தாள். நான் திருப்தியோடு அடுத்த பகுதிக்குச் சென்றேன். ஆராதனை முடிந்து பதிவேட்டில் கையொப்பமிடும் வேளையில், அதே பேனாவால் ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்தச் சகோதரி என்னிடம் நீட்டினாள்: "ஐயா, நான் எதற்குத் தலையசைத்தேன்?"

முந்தின நாளே அந்தப் பக்கத்தை அவள் கையில் கொடுத்திருக்கலாம். சைகை மொழி அறிந்த ஒருவரை என் அருகில் நிறுத்தியிருக்கலாம். இரண்டில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குச் சொல்லக்கூடிய மொழி ஒன்று உண்டு என்பதே அன்று என் எண்ணத்தில் இல்லை. இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் கற்ற எனக்கு, என் முன் நின்ற இரண்டு ஆத்துமாக்களின் மொழி தெரியாதது ஒரு குறையாகவும் படவில்லை. அந்தத் தாள் இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அது என்னைத் தேடச் செய்தது. தேடியபோது, நான் அறியாமல் விட்டதைத் திருச்சபை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது என்று கண்டேன்.

நாம் சீர்திருத்தச் சபையார். போப்புகளை மேற்கோள் காட்டும் வழக்கம் நம் பிரசங்க பீடத்துக்கு அதிகம் இல்லை. ஆயினும் இதைச் சொல்லியாக வேண்டும். பேசவும் கேட்கவும் இயலாத ஒருவர் திருமணம் செய்துகொள்ளலாமா என்னும் கேள்வி 1198-இல் மூன்றாம் இன்னொசெந்து என்னும் போப்பின் முன் வந்தது. திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம். அதை வாயால் சொல்ல முடியாதவர் சைகையால் சொல்லலாம் என்பது அவர் அளித்த தீர்ப்பின் பொருள்.

அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1576 பிப்ரவரியில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பரிசுத்த மார்ட்டின் ஆலயத்தில் தாமஸ் டில்சி என்னும் காது கேளாத மனிதர் ஒரு பெண்ணை மணந்தார். அவரால் வாக்கைச் சொல்ல இயலாதாகையால், ஆயரின் அனுமதியும் நகர மேயரின் ஒப்புதலும் பெற்று, அவர் அதைச் சைகைகளால் நிறைவேற்றினார். அவர் செய்தது இன்னதென்று ஆலயப் பதிவேடே விவரிக்கிறது. முதலில் மணமகளைத் தம் கைகளால் அணைத்துக்கொண்டார். அவள் கரத்தைப் பற்றி விரலில் மோதிரம் அணிவித்தார். தம் கையை நெஞ்சின்மேல் வைத்தார். பின்பு இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தினார். மரணம் வரை உடனிருப்பேன் என்பதை எப்படிச் சொல்வது? அவர் தம் கண்களைக் கைகளால் மூடினார். காலால் மண்ணைத் தோண்டுவதுபோலக் காட்டினார். சாவு மணியின் கயிற்றை இழுப்பதுபோலக் கைகளை அசைத்தார்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பல நூறு திருமணங்களை நடத்தியிருக்கிறேன். மரணம் நம்மைப் பிரிக்கும் வரை என்பதை மணமக்கள் மனப்பாடமாகச் சொல்லிக் கடப்பதையே பெரும்பாலும் கண்டிருக்கிறேன். கல்லறையைத் தோண்டிக் காட்டி வாக்குக் கொடுத்த ஒருவரை நான் கண்டதில்லை.

அப்படியானால் நம் தடுமாற்றம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி நம் வேத வாசிப்பிலிருந்தே வந்தது. விசுவாசம் கேள்வியினால் உண்டாகிறது என்று ரோமர் 10:17-இல் பவுல் எழுதுகிறார். பரிசுத்த அகுஸ்தீன் தமது நூலொன்றில், பிறவிச் செவிட்டுத்தன்மை விசுவாசத்துக்கும் தடையாகிறது என்று இவ்வசனத்தைச் சுட்டி எழுதிவிட்டார். பின்வந்த பலர் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டனர். அதே அகுஸ்தீன், தாம் மிலான் நகரில் வாழ்ந்த காலத்தில் கண்ட ஓர் இளைஞனைப் பற்றி வேறொரு நூலில் எழுதியிருப்பதை அவர்கள் மறந்தனர். நற்பண்புள்ள அவ்விளைஞனுக்குக் காது கேளாது, பேச்சும் வராது. எனினும் உடல் அசைவுகளால் பிறரைப் புரிந்துகொண்டான், தன்னையும் புரியவைத்தான் என்று அவர் நினைவுகூர்கிறார். சைகையால் எதையும் சொல்ல இயலும் என்பதற்கு அவனையே சான்றாக நிறுத்துகிறார். மிலான் என்னும் ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மீண்டும் வருவோம்.

பவுலின் வசனத்தைப் பற்றி ஒரு சொல். மூலத்தில் அவர் கையாளும் சொல், காதின் செயலை மட்டுமன்றிக் கேட்கப்படும் செய்தியையும் குறிக்கும். தமிழிலும் 'கேள்வி' என்பதற்குச் செவிவழி அறிவு என்றே பழம்பொருள். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வைத்தார். செவியையே அறிவின் வாயிலாகக் கொண்டு பழகிய நமக்கு, கண் வழியாகவும் அவ்வறிவு வரும் என்பது எளிதில் பிடிபடுவதில்லை. லூக்கா முதலாம் அதிகாரத்தில், பிள்ளைக்கு என்ன பெயரிடுவது என்று சகரியாவிடம் சுற்றத்தார் சைகையால் கேட்கிறார்கள். அவர் எழுத்துப் பலகையில் பதில் எழுதுகிறார். யோவான் ஸ்நானகனின் பெயர் இவ்வுலகில் உறுதியானது ஒலியால் அன்று என்பதை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

இனி பாரிஸ் நகருக்குச் செல்வோம். 1760-ஐ ஒட்டிய ஆண்டுகள். சார்ல் மிஷேல் டெ லெப்பே என்னும் குருவானவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். இரு சகோதரிகள் தைத்துக்கொண்டிருந்தனர். அவர் பேசினார், அவர்கள் நிமிரவில்லை. அவர்களுடைய தாய் வந்து காரணத்தைச் சொன்ன பிறகே அவருக்கு விளங்கியது. அவ்விரு பெண்களுக்கும் படங்களைக் காட்டி வேதபாடம் கற்பித்துவந்த மற்றொரு குருவானவர் அண்மையில் இறந்திருந்தார். இவர்கள் ஆண்டவரை அறியாமலே மரித்துப் போவார்களே என்னும் பாரம் லெப்பேயைப் பிடித்தது. தம் சொந்த வீட்டிலேயே கட்டணமின்றிப் பள்ளி நடத்தினார். தம் மேற்றிராணியாரின் தயவை அவர் பெற்றிருக்கவில்லை. குருத்துவப் பணிகள் பல அவருக்கு மறுக்கப்பட்டிருந்தன. ஒருவேளை அதனாலேயே அவருக்கு இந்தப் பணிக்கு நேரம் வாய்த்ததோ என்னவோ!

அவருடைய மேன்மை இதுவே: பிள்ளைகளிடம் ஏற்கனவே கைகளில் ஒரு மொழி இருப்பதை அவர் கண்டார், அதைக் கற்க முன்வந்தார். ஆனால் அவரைப் பற்றி நம் போதகர்கள் சொல்லும் ஒரு கதையைத் திருத்த வேண்டும். சைகை மொழியை அவர் கண்டுபிடித்தார் என்பார்கள். அது சரியன்று. 1779-இல் பியேர் டெலோஜ் என்னும் புத்தகக் கட்டுநர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஏழாம் வயதில் அம்மையால் கேட்கும் திறனை இழந்தவர் அவர்; எழுத்தறிவற்ற ஒரு காது கேளாத இத்தாலியரிடமிருந்து தம் 27-ஆம் வயதில் சைகை மொழியைக் கற்றவர். பாரிஸ் நகரின் காது கேளாத உழைப்பாளிகள், எந்தப் பள்ளிக்கும் போகாதவர்கள், தமக்குள் எல்லாப் பொருளையும் பற்றி இம்மொழியில் உரையாடுகிறார்கள் என்று அவர் எழுதினார். லெப்பே அடிகளைப் பாராட்டியே எழுதினார். ஆனால் மொழி எங்களுடையது என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

லெப்பேயோ, அந்த மொழிக்கு இலக்கணம் போதாது என எண்ணினார். பிரெஞ்சு மொழியின் பால், காலம், விகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகையை அமைத்துச் சேர்த்தார். தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில வாக்கிய முறையில் அடுக்கினால் எப்படியிருக்கும்? அவ்வாறு ஆயிற்று. மாணவர்கள் வகுப்பில் அதைச் செய்தார்கள். வெளியே வந்ததும் தம் மொழிக்குத் திரும்பினார்கள். அன்பு மிகுந்த ஊழியக்காரரும் பாதிவரைதான் கேட்டார் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. என்னைவிட அவர் எவ்வளவோ மேல்.

முழுவதும் கேட்ட ஒருவரைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். ஹார்ட்ஃபோர்டு நகரில் தாமஸ் ஹாப்கின்ஸ் கல்லாடெட் என்னும் இளம் போதகர், அண்டை வீட்டு மருத்துவரின் மகளாகிய ஆலிஸ் காக்ஸ்வெல் என்னும் காது கேளாத சிறுமியைக் கண்டார். தம் தொப்பியைக் காட்டி அச்சொல்லை அவளுக்கு எழுதிக் காண்பித்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவளுக்காகப் பள்ளி நடத்தும் முறையைக் கற்க அவர் 1815-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே பள்ளிகளை நடத்திய குடும்பத்தார் தம் முறையைத் தொழில் இரகசியமாகக் காத்துவந்தனர். மனம் சோர்ந்தவர் பாரிஸ் சென்றார். லெப்பேயின் பள்ளி அவருக்குக் கதவைத் திறந்தது. அங்கே ஆசிரியராயிருந்த லொரான் கிளேர், தாமும் காது கேளாதவர், அவருடன் அமெரிக்கா வர இசைந்தார்.

1816-இல் அவர்களுடைய கடற்பயணம் 52 நாள்கள் நீடித்தது. அந்நாள்களில் கிளேர் போதகருக்குச் சைகை மொழி கற்பித்தார்; போதகர் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். பிரியமானவர்களே, மிஷனெரி வரலாறுகளில் கப்பல் பயணங்கள் பலவற்றை வாசித்திருப்பீர்கள். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர் என்றிருந்த பயணம் அவற்றில் எத்தனை? 1817 ஏப்ரல் 15 அன்று ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் கல்லாடெட் தம் மாணவியாயிருந்த சோஃபியா ஃபவுலர் என்னும் காது கேளாத பெண்மணியை மணந்தார். அவருடைய வீட்டு மொழியே சைகை மொழியாயிற்று. அவர்களுடைய இளைய மகன் எட்வர்டின் தலைமையில் வாஷிங்டனில் ஒரு கல்லூரி எழுந்தது. பட்டம் வழங்கும் அதிகாரத்தை அதற்கு அளித்த சட்டத்தில் 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். அமெரிக்கச் சைகை மொழி இன்றும் இங்கிலாந்தின் சைகை மொழியைவிட பிரான்சின் சைகை மொழிக்கே நெருங்கிய உறவுடையது. இரு நாடுகளும் பேசுவது ஒரே ஆங்கிலம். காது கேளாதோரோ ஒருவரையொருவர் எளிதில் புரிந்துகொள்ள இயலாது. கைகளின் மொழி, வாயின் மொழிக்கு நிழல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது மிலான். 1880 செப்டம்பர் 6 முதல் 11 வரை, காது கேளாதோரின் கல்வியைக் குறித்த சர்வதேச மாநாடு அந்நகரில் கூடியது. 160-க்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். காது கேளாத பிரதிநிதிகளை எண்ண ஒரு கையின் விரல்களே அதிகம். தலைமை வகித்தவர் ஜூலியோ தார்ரா என்னும் குருவானவர். பல்லாண்டுகள் காது கேளாத ஏழைப் பிள்ளைகளுக்கென்றே உழைத்தவர் அவர். அவருடைய அன்பை ஐயுற இடமில்லை. ஆனால் பேச்சே மனிதனுக்குரிய மொழி, சைகை கற்பனையைக் கிளறுமேயன்றி ஆத்துமாவை உயர்த்தாது என்று அவர் மனப்பூர்வமாய் நம்பினார். பிள்ளைகள் உதடுகளைப் பார்த்துக் கேள்வியை அறிந்து, வாயால் பதில் சொல்வது மேடையில் காண்பிக்கப்பட்டது. பதில்கள் முன்கூட்டியே பயிற்றப்பட்டவையோ என்று சிலர் ஐயுற்றனர். எட்வர்டு கல்லாடெட் எதிர்த்துப் பேசினார். வாக்கெடுப்பில் வாய்ப்பேச்சு முறையே மேலானது என்னும் தீர்மானத்துக்கு 160 வாக்குகள், எதிராக 4.

பல நாடுகளில் சைகை வகுப்பறையை விட்டு விலக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பேச்சைக் கற்பிக்க அவர்களால் இயலாதல்லவா? பிள்ளைகளின் கைகளைக் கட்டினார்கள், கைகளின்மேல் உட்காரச் செய்தார்கள் என்று முதியோர் பிற்காலத்தில் சாட்சி கூறினர். ஒரு சொல்லின் ஒலியைத் தொண்டையில் வருவிக்க மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைக்கு, அச்சொல் குறிக்கும் உலகத்தைக் கற்க நேரம் இல்லாமற் போயிற்று. பேச்சுப் பயிற்சியே தீது என்று நான் சொல்லவில்லை. அதனால் பயன் பெற்றவர்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கொடுக்க மற்றொன்றைப் பறிக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள், பறிகொடுப்பவர்களிடம் கேட்கவில்லை. பிரான்ஸ் நாட்டில் சைகை மொழியோடு கற்கும் உரிமையைச் சட்டம் திருப்பிக் கொடுத்தது 1991-இல். மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த கேட்டுக்கு அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது 2010-இல், கனடாவின் வான்கூவர் நகரில். 130 ஆண்டுகள்!

அதற்கிடையில் அம்மொழி சாகவில்லை. வகுப்பறையில் தடுக்கப்பட்டது விடுதி அறைகளிலும் விளையாட்டுத் திடலிலும் வாழ்ந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பித்தது. 1913-இல் ஜார்ஜ் வெடிட்ஸ் என்னும் காது கேளாத அமெரிக்கர், அன்று புதிதாயிருந்த திரைப்படச் சுருளின் முன் நின்று, இம்மொழி தம் மக்களுக்குக் கடவுள் அளித்த கொடைகளில் உயர்ந்தது, அதைக் காப்போம் என்று சைகையால் உரையாற்றினார். மிலானில் எழுந்த இறையியலுக்கு ஒரு காது கேளாதவர் அளித்த இறையியல் மறுமொழியாகவே அதை நான் காண்கிறேன். 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் பேராசிரியர், கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் சொல்லின் பொருள் மாறும் என்று காட்டினார். 'கல்' நெடிலானால் 'கால்' ஆவதைப் போன்றதே இது. மொழியியல் அறிஞர்கள் அதன் பின்னரே மெல்ல மெல்ல இதை மொழி என ஒத்துக்கொண்டனர். புத்தகக் கட்டுநர் டெலோஜ் அதைச் சொல்லி 181 ஆண்டுகள் கடந்திருந்தன.

நம் பக்கத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையாரின் பெயரால் விளங்கும் காது கேளாதோர் பள்ளியை உங்களில் பலர் அறிவீர்கள். செனானா மிஷன் ஊழியராக வந்த அவ்வம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அதைத் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளில் அது ஒன்று. வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் சேர்த்ததே பெரும் ஊழியம். ஏனெனில் சைகை மொழி வளர்வதற்கு முதலில் தேவைப்படுவது ஒருவரையொருவர் காணும் ஓர் இடம். நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேட்கும் திறனில் குறையுடையோர் 50 இலட்சத்துக்கும் மேல். 2015-இல் புதுடெல்லியில் இந்தியச் சைகை மொழிக்கென ஓர் ஆய்வு, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. 2021-இல் அது வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருந்தன. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் மட்டும் அதற்கு இன்னும் இடமில்லை. அம்மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். 'உன் பெயர் என்ன' என்று கேட்கிறோமே, அதே வரிசை. தமிழ் பேசும் நமக்கு அது அந்நியமே அன்று.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தை இந்த வரலாற்றோடு மீண்டும் வாசித்துப் பாருங்கள். நாம் அற்புதத்துக்கு விரைந்து, 'எப்பத்தா' என்னும் சொல்லைப் பற்றியே பிரசங்கிக்கிறோம். அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். ஆண்டவர் அம்மனிதனை ஜனக்கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். அவனுடைய காதுகளில் விரலை வைக்கிறார். நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார், நெஞ்சு ஏறி இறங்குவதை அவன் கண்ணால் காணலாம். இன்னது செய்யப் போகிறேன், இன்னாரிடமிருந்து வருகிறது என்பதையெல்லாம் ஒலி எதுவும் எட்டாத அம்மனிதனுக்கு அவர் கைகளாலும் கண்களாலும் முதலில் சொல்லிவிடுகிறார். அவனைப் பற்றி மற்றவர்கள் அவரிடம் வேண்டிக்கொண்டார்கள். அவரோ அவனிடமே பேசினார்.

அந்தத் திருமணத்துக்குப் பின் மூன்று மாதம் கழித்து, அத்தம்பதியரின் வீட்டுக்குச் சென்றேன். சைகை மொழி அறிந்த ஓர் ஆசிரியை உடன் வந்தார். முறைமைப் புத்தகத்தைத் திறந்து வாக்குகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆசிரியை கைகளால் சொன்னார். இருவரும் உற்றுப் பார்த்தனர். சகோதரி சில இடங்களில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். வியாதியிலும் சுகத்திலும் என்னும் பகுதியில் தன் கணவனைச் சுட்டி ஏதோ கேலி செய்தாள். ஆசிரியை சிரித்தாரேயன்றி எனக்கு மொழிபெயர்க்கவில்லை. பின்பு அவள் எழுந்து நின்று, கணவனை நோக்கி, தன் சொந்தச் சைகைகளில் முழுவாக்கையும் கொடுத்தாள்.

இப்போது நம் ஆலயத்தில் காது கேளாத அங்கத்தினர் நால்வர் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு முதல் இடப்பக்க முதலிரண்டு பெஞ்சுகள் அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் விடப்படும். அங்கேதான் விளக்கொளி நன்றாக விழுகிறது, மொழிபெயர்ப்பவரின் கைகளும் தெரியும். வழக்கமாக அங்கே அமரும் மூப்பர்கள் பொறுத்தருள வேண்டும். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆலய மண்டபத்தில் சைகை மொழி வகுப்பு, கற்பிப்பவர்கள் அந்நால்வரே. நானும் மாணவனாக வருகிறேன். ஐம்பதைக் கடந்த என் விரல்கள் எளிதில் வளைவதில்லை. சென்ற வாரம் 'சமாதானம்' என்று சொல்ல முயன்றேன். நம் பாடகர் குழுப் பையனின் தங்கை என் கையைப் பிடித்து, கட்டை விரலைச் சரிசெய்து, மீண்டும் செய்யச் சொன்னாள்.